நிழல் விழும் லயத்தோரத்திலும் கீரை வரும்

"எங்க காம்பராவுக்குப் பின்னால வெயிலே விழாதுங்க. என்னத்த நட்டாலும் நோஞ்சானாத்தான் வருது." லயங்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும், இடத்துக்கு ஒத்துவராத செடியை நட்டதுதான் காரணம்.

முதலில் வெயிலைக் கணக்குப் பாருங்கள். மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொரு தடவை எட்டிப் பாருங்கள். நேர் வெயில் எத்தனை மணித்தியாலம் விழுகிறது என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள்.

6 மணித்தியாலமோ அதற்கு மேலோ விழுந்தால் தக்காளி, மிளகாய், கத்தரி, போஞ்சி நடலாம். வெயில் குறைந்தால் இவை ஒல்லியாக நீண்டு வளரும், காய்ப்பது குறைவு.

3, 4 மணித்தியாலம்தானா? கவலை வேண்டாம். வல்லாரை, பொன்னாங்காணி, புதினா, வெங்காயத்தாள் நடுங்கள். இலைக்காக வளர்ப்பவை குறைந்த வெயிலிலும் வரும். பொன்னாங்காணி, புதினாவுக்கு விதை தேவையில்லை. முற்றிய தண்டை ஒரு சாண் அளவு வெட்டி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் போதும். வல்லாரையை வேர்விட்ட கொடியோடு எடுத்து நடுங்கள். வெயிலே எட்டாத மூலையில் பிகோனியா போன்ற அழகுச் செடி வைக்கலாம்.

மண் இடம் இல்லாதவர்கள் பழைய வாளி, அரிசி பேக் எடுத்து, அடியில் ஓட்டை போட்டு நடலாம். வெயில் விழும் பக்கம் நகர்த்தி வைக்கலாம் என்பது இதில் ஒரு வசதி. ஆனால் பூச்சிமருந்து, களைமருந்து வந்த கேன் வேண்டவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் விஷம் ஒட்டியிருக்கும். கழிவுத் தண்ணீர் ஓடும் கானோரத்திலும் கீரை நடாதீர்கள்.

நிழலில் மண் லேசில் காயாது. விரலை விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா தண்ணி ஊத்தாதீங்க, வேர் அழுகிடும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டி, தேய்த்துக் கழுவுங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? நம் பெண்கள் பலருக்கு ரத்தச்சோகை இருக்கிறது. கீரையில் இரும்புச்சத்து உண்டு. தேசிக்காய் பிழிந்து சம்பல் போட்டால் அது உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்மாரே, கீரை சாப்பிடுகிறோம் என்று கிளினிக்கில் தரும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே வெயிலைக் கணக்குப் பார்த்து, ஒரு வாளியில் தொடங்குவோம்.