உங்களுக்குத் தெரியுமா? காலில் தொடங்கி இதயத்தைத் தொடும் நோய்

குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான் என்று தெருவே பேசும். பையன் ஒரு சொட்டுகூடத் தொட்டிருக்க மாட்டான். ஃப்ரீட்ரைக் அடாக்ஸியா என்ற பரம்பரை நரம்பு நோய் பெரும்பாலும் 10 முதல் 15 வயதுக்குள் இப்படித்தான் தலைகாட்டும். முதலில் நடை தடுமாறும், பிறகு பேச்சு குழறும். அறிவுக்குப் பெரிதாகக் குறை வராது.

★

"பாதங்களைச் சேர்த்து வைத்து நில்லுங்க" என்பார் டாக்டர். நின்றுவிடுவார்கள். "இப்போ கண்ணை மூடுங்க" என்றதும் உடம்பு ஆடத் தொடங்கும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் பழுதாகியிருக்கும். அதுவரை அந்த வேலையையும் கண்ணே பார்த்துக்கொண்டிருந்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டினாலும் கால் துள்ளாது.

★

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர மருத்துவர் நிக்கோலஸ் ஃப்ரீட்ரைக் 1863-ல் இந்த நோயை முதலில் விவரித்தார்.

★

காரணமான மரபணு 9-வது குரோமோசோமில் இருக்கிறது. 1996-ல்தான் அகப்பட்டது. அதில் ஜிஏஏ என்ற மூன்றெழுத்து நமக்கெல்லாம் சில முறை, மிஞ்சிப்போனால் முப்பது முறை அடுத்தடுத்து வரும். நோயாளிகளிடம் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டி. விளைவு, ஃப்ராடாக்ஸின் என்ற புரதம் போதிய அளவு உருவாவதில்லை. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பைக் கையாள உதவும் புரதம் அது. அது குறைந்தால் அங்கே இரும்பு தேங்கும், சக்தி உற்பத்தி படுக்கும்.

நரம்பு நோயில் இதயம் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஓய்வே அறியாத தசைக்குச் சக்தி ஏராளமாக வேண்டும். கிடைக்காதபோது இதயச் சுவர் தடிக்கிறது, துடிப்பு தாறுமாறாகிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது தள்ளாட்டம். உயிரை அதிகம் பறிப்பது இதயம். அதனால் நடையைப் பார்க்கும் நரம்பு டாக்டரோடு நிற்காமல் ஈசிஜி, எக்கோ பரிசோதனைகளையும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். சிலருக்குச் சர்க்கரை நோயும் வரும்.

★

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ளவர் நன்றாகவே இருப்பார், அவருக்கே தெரியாது. அப்படி இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத ஆபத்து. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

★

இந்த நோய்க்கான முதல் மருந்து, ஒமாவெலாக்சலோன், 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும். குணமாக்காது, நோயின் வேகத்தைத் தணிக்கும். அதன் பரிசோதனையில் இதயம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை.