கடல் நடத்தும் பரீட்சை

மைசூர்ப் பக்கம் குடியேறி வாழும் தமிழ் அன்பர்களுள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காணாதவர் மிகச் சிலரே. காவிரி இரண்டாகப் பிரிந்து அணைக்கும் அத்தீவில் ஆதிரங்கனைச் சேவித்தபின், திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத்துக்கும் செல்கிறோம். அதன் மேற்குச் சுவரில் பெரியதொரு போர்க்களக் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. அது நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780ஆம் ஆண்டு நிகழ்ந்த போர். ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையை அங்கே முறியடித்தனர். மைசூர் ராக்கெட்டுகளும் அப்போரில் பறந்தன.

அந்த ராக்கெட்டின் சிறப்பு அதன் இரும்புக் குழாயில் இருந்தது. காகிதக் கூட்டைவிட இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே உள்ளே எரியும் மருந்து அதனை வெகுதூரம் உந்திச் சென்றது. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் சில இங்கிலாந்தை அடைந்தன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவ்வழியைப் பின்பற்றிப் புதிய ராக்கெட்டுகளைச் செய்து, சோதனைகள் நடத்தினார்.

அவற்றை முதலில் போரில் பயன்படுத்தியது பிரிட்டிஷ் கடற்படையே. 1805ஆம் ஆண்டு பிரெஞ்சுத் துறைமுகமாகிய பூலோனைத் தாக்கச் சென்ற படகுகளைக் கடற்சீற்றம் பயனற்றவையாக்கிவிட்டது. மறு ஆண்டு அக்டோபரில் ராக்கெட்டுகள் பறந்தன. ஆனால், குறிவைத்த கப்பல்களைவிட ஊரின் கட்டடங்களே மிகுதியாகத் தீப்பற்றின. தரையில் தேறிய கருவி கடலிலும் தேறும் என்பது நிச்சயமன்று. கடல் தனக்கென ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. இன்று போர் விமானங்களைத் தேர்ந்தெடுக்கும் கடற்படைகளும் இவ்வுண்மையை முன்வைத்தே சோதிக்கின்றன. நம் நாட்டு உதாரணம் ஒன்றைக் கொண்டு அதனை விளக்குவோம்.

பெங்களூரில் உருவான தேஜஸ் விமானத்துக்குக் கடற்படைக்கென ஒரு தனி வடிவம் அமைக்கப்பட்டது. அது 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. பறந்துவிட்டால் போதுமோ? போதாது. தரையில் நீண்ட ஓடுபாதை உண்டு. விமானந்தாங்கிக் கப்பலிலோ இடம் மிகக் குறைவு. ஏறக்குறைய இருநூறு மீட்டர் ஓடி, முனையில் மேல்நோக்கி வளைந்த தளத்தின் வழியே விமானம் எழவேண்டும். இறங்கும்போது, வாலடியிலுள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட கம்பி வடங்களுள் ஒன்றைப் பற்றவேண்டும். வடம் சுமார் நூறு மீட்டருக்குள் விமானத்தை இழுத்து நிறுத்திவிடும். கொக்கி தவறினால் மீண்டும் வானேறுவதற்காக, தளத்தைத் தொட்டவுடனேயே விமானி எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்குகிறார். தளமோ அலையில் ஏறி இறங்குகிறது. தரையில் மெல்ல இறங்குவதுபோல இங்கே இறங்க இயலாது. விமானம் தளத்தின்மீது மோதியே இறங்குகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்கச் சக்கரக் கால்களை உறுதியாக்கினால் எடை கூடுகிறது.

இவ்வளவு ஆபத்தையும் ஒரே நாளில் எவரும் ஏற்பதில்லை. ஆகையால் கோவாவில் கடற்படையின் ஹன்சா தளத்தில், கப்பலின் மேற்றளத்தைப் போலவே ஒரு சோதனைத் தளம் தரையிலேயே கட்டப்பட்டது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் தேஜஸ் அங்குள்ள வளைதளத்திலிருந்து எழுந்தது. 2018இல், தரையில் ஓடிச்சென்றே கொக்கியால் வடத்தைப் பற்றிப் பார்த்தனர். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பறந்துவந்து வடத்தைப் பற்றி நின்றது. ஒவ்வொரு படியிலும் அளவுகளைக் கணக்கிட்ட பின்னரே அடுத்த படி. இறுதியாக, 2020ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் விக்ரமாதித்யா கப்பலில் அதனை இறக்கினார். மறுநாள் அதே கப்பலிலிருந்து அது வானேறியது.

இதில் நாம் முக்கியமாகக் கருதத்தக்கது வேறொன்று. அந்த வெற்றிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 2016 டிசம்பரில், இவ்விமானம் எடை மிக்கது, தன் தேவைக்குப் போதாது என்று கடற்படை வெளிப்படையாகக் கூறிவிட்டது. சொந்த நாட்டுப் பொருள் என்பதற்காகத் தீர்ப்பைத் தளர்த்தவில்லை. தீர்ப்பு பாதகமானது என்பதற்காகச் சோதனையைக் கைவிடவும் இல்லை. அச்சோதனையில் பெற்ற அறிவு, இரண்டு எஞ்சின்களுடன் திட்டமிடப்பட்ட அடுத்த கப்பல் விமானத்துக்கு அடிப்படையாயிற்று. 2022இல் பிரெஞ்சு ரஃபேலும் அமெரிக்க சூப்பர் ஹார்னெட்டும் அதே கோவாத் தளத்தில் தம் திறனைக் காட்டின. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

தவறான விமானத்தைத் தேர்ந்தால், அதன் விலையை நடுக்கடலில் ஒரு விமானி தன் உயிரால் கொடுக்க நேரிடும். பரீட்சை கடுமையாக இருப்பது அதனாலேயே. அடுத்த முறை தரியா தௌலத்தின் ஓவியத்தின் முன்னே நிற்கும்போது, இதனையும் எண்ணிப் பார்ப்போமாக. அங்கே பிறந்த ராக்கெட்டைச் சோதித்துத் திருத்தும் பேறு அன்று அயலாருக்கே கிட்டியது. இன்றோ, நம் விமானத்தை நாமே சோதிக்கிறோம். அதன் குறையை நாமே கூறுகிறோம்.