செலுத்துதண்டின் நோயும் பரிகாரமும்

மன்னார்ப் பெருநிலத்திலே, கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்தது அடம்பன். இவ்வூரார்க்கு இயந்திரம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது உழவு இயந்திரமே. அதன் பின்புறத்திலிருந்து புறப்பட்டுச் சூடடிக்கும் பொறியைச் சுழற்றுகின்ற, இரு முனையிலும் மூட்டுடைய இரும்புத் தண்டை இங்குள்ள சிறுவரும் அறிவர். விலையுயர்ந்த சொகுசுக் காரின் அடியிலே மறைந்து கிடக்கும் தண்டும் அதன் உடன்பிறப்பே. கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் இதனைக் கராச்சுகளிலே ‘புரொப்பெலர் சாப்ட்’ என்பர். இக்கட்டுரையில் செலுத்துதண்டு எனக் குறிப்போம்.

இதனைப் பற்றிக் கல்லூரி மலரொன்றிலே எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். காரணம் இரண்டு உள. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளிலே பழைய கார்களைப் பேணிக் காத்தலே பலருக்கு ஒரே வழியாயிற்று. பிழையான உறுப்பை மாற்றுவோர் பணத்தை இழப்பதுடன் நோயையும் மிச்சம் வைத்துக்கொள்கின்றனர். இஃது ஒன்று. வகுப்பறையிலே நாம் படிக்கும் கேத்திரகணிதமும் இயக்கவியலும் இத்தண்டிலே உயிர்பெற்று நிற்கின்றன என்பது மற்றொன்று.

மூட்டின் இயல்பு

எஞ்சினும் கியர்ப்பெட்டியும் காரின் சட்டத்தோடு பொருந்தியவை. பின்னச்சோ பாதையின் மேடுபள்ளத்துக்கேற்ப அசைவது. ஆதலின் இடைப்பட்ட தண்டு வளைந்து கொடுக்கும் மூட்டுடையதாதல் வேண்டும். இரு கவைகளைச் சிலுவை வடிவான உருக்குத் துண்டொன்றினால் இணைப்பதே பழைய முறை. இத்தாலிய அறிஞர் கார்டானோ (1501–1576) பெயராலும், ஆங்கில விஞ்ஞானி இராபர்ட் ஹூக் (1635–1703) பெயராலும் இம்மூட்டு வழங்குகின்றது.

இம்மூட்டுக்கு ஒரு குறையுண்டு. அது வளைந்த நிலையிற் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராயிருப்பினும் வெளியே செல்லும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறையும். உழவு இயந்திரத்தின் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழல்கின்றது எனவும், மூட்டு 30 பாகை வளைந்துள்ளது எனவும் கொள்வோம். கோசைன் 30 பாகை 0.866. ஆகவே மறுபுறத்து வேகம் நிமிடத்துக்கு 468 சுற்றுக்கும் 624 சுற்றுக்குமிடையே ஊசலாடும். வரம்போரத்திலே பொறியை வளைத்துத் திருப்புங்கால் தண்டு கடகடவென்று அதிர்வது இதனாலேதான். வளைவு 10 பாகையாயின் ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றரையளவே. ஆகவே மூட்டின் வளைவைச் சிறிதாக வைத்திருத்தலே தண்டின் நலத்துக்கு முதல் விதியாகும்.

சொகுசுக் காரின் அமைப்பு

இலங்கையில் இன்றும் காணக்கூடிய பழைய சொகுசுக் கார்களுள் ஒன்று, 1976 இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123. இதன் செலுத்துதண்டு இரு துண்டுகளாலானது. முன்முனையிலும் பின்முனையிலும் இழை பொதிந்த றப்பர்த் தட்டுகள் உள்ளன. நடுவிலே சிலுவை மூட்டு ஒன்றும், தண்டைத் தாங்கும் பெயாரிங் ஒன்றும் உள்ளன. அப்பெயாரிங்கும் றப்பர் வளையத்தினுள்ளேயே இருத்தப்பட்டுள்ளது. ஓசையும் அதிர்வும் இருக்கையை எட்டாதிருக்கவே இத்தனை றப்பர். ஆனால் நமது நாட்டு வெப்பத்திலும் ஆண்டுகளின் கழிவிலும் றப்பர் வெடித்துத் தொய்வது இயற்கை. நடுத்தாங்கியின் றப்பர் தொய்ந்தால் தண்டு தாழும். தாழ்ந்தால் மூட்டின் வளைவு பெருகும். பெருகினால் மேலே கூறிய ஏற்றத்தாழ்வு தலைகாட்டும். சொகுசுக்கென அமைத்த உறுப்பே முதுமையில் அதிர்வுக்குக் காரணமாகின்றது.

நோயை அறிதல்

நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மருந்து என்பது நம் முன்னோர் வகுத்த வைத்திய முறை. காருக்கும் அதுவே முறை. அறிகுறிகள் நான்கு.

முதலாவது, கியரை முன்னும் பின்னுமாக மாற்றும்போது ‘டக்’ என எழும் அடியோசை. றப்பர்த் தட்டின் வெடிப்போ, சிலுவையின் தேய்வோ, பின்னச்சுப் பற்சக்கரங்களின் இடைவெளியோ இதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது, கார் புறப்படுங்கால் மட்டும் தோன்றிச் சற்று வேகம் பெற்றதும் மறையும் நடுக்கம். இது பெரும்பாலும் நடுத்தாங்கியையும் எஞ்சின் தாங்கிகளையும் சுட்டுவது.

மூன்றாவது, மெல்லச் செல்லும்போது குருவி கீச்சிடுவது போன்ற தாள ஒழுங்கான ஓசை. சிலுவையின் ஊசிப் பெயாரிங்குகளிற் கிறீஸ் வறண்டுவிட்டது என்பது இதன் பொருள். மூட்டின் விளிம்பிலே செந்நிறத் துருத்தூள் காணப்படின் ஐயமில்லை.

நான்காவது, வேகத்தோடு வளரும் அதிர்வு. இதிலேயே பலரும் ஏமாறுவர். வெறுமையான நேர்ப்பாதையிலே, அதிர்வு தோன்றும் வேகத்தில், எஞ்சினை நிறுத்தாமலே சிறிது நேரம் கியரை நடுநிலைக்குக் கொணர்க. அதிர்வு நின்றால் எஞ்சின் பக்கத்தையோ, சுமை ஏறும்போது மட்டும் வெளிப்படும் மூட்டுக் குறையையோ ஆராய்க. தொடர்ந்தால் குற்றம் தண்டிலோ சக்கரத்திலோ இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? எண்கணிதம் உதவுகின்றது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில், சுற்றளவு 2 மீற்றர் கொண்ட சக்கரம் செக்கனுக்கு ஏறத்தாழ 11 முறை சுழலும். பின்னச்சின் விகிதம் 3 ஆயின் தண்டு 33 முறை சுழலும். ஆகவே சக்கரத்தின் குற்றம் சுக்கானிலும் உடலிலும் எண்ணத்தக்க குலுக்கலாகத் தோன்றும். தண்டின் குற்றம் தரையிலும் இருக்கையிலும் ரீங்காரமாகக் கேட்கும்.

பரிகாரம்

செலவற்ற சோதனையே முதலிற் செய்யத்தக்கது. மாரியிலே வயற்பாதைச் சேற்றில் ஓடிய காரின் தண்டிலே களிமண் ஒட்டிக் காய்ந்திருக்கும். மையத்திலிருந்து 4 சதமமீற்றர் தூரத்தில் 10 கிராம் மண் ஒரு புறமாக ஒட்டியிருந்தால், செக்கனுக்கு 33 சுற்றில் அது ஏறத்தாழ ஒன்றேமுக்காற் கிலோகிராம் நிறைக்கொத்த விசையோடு தண்டை இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். கழுவி ஆறுமாயின் அதற்கு மேற்பட்ட மருந்து வேண்டா. தண்டிலே ஒட்டவைத்த சிறு சமநிலைத் தகடுகள் விழுந்துவிட்டனவா என்பதையும் அப்பொழுதே காண்க.

அடுத்து, சக்கரங்களுக்குக் கட்டையிட்டு, காரை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழ்ப் புகுதல் உயிருக்கே கேடு. மூட்டின் இரு பக்கத்தையும் பற்றி எதிரெதிராகத் திருகின், தேய்வு கைக்குத் தெரியும். றப்பர்த் தட்டிலே போல்ட்டுத் துளைகளைச் சுற்றி வெடிப்பைத் தேடுக. வெடித்த தட்டை மாற்றாது ஓடுதல் ஆபத்து. அது வேகத்தில் அறுந்தால் சுழலும் தண்டு காரின் அடித்தளத்தையே தாக்கும்.

கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்பிலும் வண்ணத்தாற் குறியிடுதல் தவறாத கடமை. தண்டு தொழிற்சாலையிலே ஒரே உறுப்பாகச் சமநிலைப்படுத்தப்பட்டது. ஒரு பல் மாறிப் பொருத்தினும் முன்பு இல்லாத நோய் புதிதாகப் பிறக்கும். இரண்டு சிலுவை மூட்டுள்ள மொறிஸ், ஒஸ்ரின் போன்ற கார்களில், தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். அப்பொழுதே முதல் மூட்டின் ஏற்றத்தாழ்வை இரண்டாம் மூட்டு ஈடுசெய்யும். அக்கார்களிலே தேய்ந்த சிலுவையை வளையம் கழற்றி எளிதில் மாற்றலாம். மேற்கூறிய பென்ஸ் காரிலோ சிலுவை நசுக்கிப் பூட்டப்பட்டிருப்பதால் அதற்குத் தேர்ந்த கடைச்சல் தொழிலாளர் வேண்டும், அன்றேல் தண்டையே மாற்ற வேண்டும். பழைய பூட்டு நட்டுகளை விடுத்துப் புதியனவற்றையே இடுக. நடுவிலுள்ள பெரிய நட்டை இறுதியாக, கார் சக்கரங்களில் நின்று சிலமுறை முன்பின் உருண்டபின் இறுக்குக. அப்பொழுதே றப்பர்கள் இழுபடாது தம் இயல்பான இடத்தை அடையும்.

1990 இன் பின் வட பகுதிக்கு எரிபொருளும் வேறு பல பொருள்களும் தடைப்பட்ட காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர் நமது கைவினைஞர். புதிய உறுப்பு கிடையாத அந்நாளில், எது கெட்டது, எது கெடவில்லை எனத் துணிந்தறிதலே அவர்தம் முதலாய் இருந்தது. அவ்வறிவுக்குக் கணிதமும் பௌதிகமும் துணை நிற்குமாயின், கராச்சுக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள தூரம் குறையும். மாணவர் தம் நூலிலே கண்ட கோசைனைக் காரின் கீழும் காணக் கற்பாராக. கண்டவர் ஒருபோதும் ஊகத்தினால் உறுப்பை மாற்றார்.