பஞ்ச் மெஷின் ஏற்காத ஈரக் கை: உள்ளங்கை, உள்ளங்கால் வியர்வைக்கு என்ன சிகிச்சை?

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு வியர்வை புதிதல்ல. கடலோரப் புழுக்கம், தகரக் கூரை, உலைச் சூடு என்றிருக்கும் இடத்தில் வியர்க்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால், சிலருக்கு ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளங்கை சொட்டச் சொட்ட நனையும். பஞ்ச் மெஷினில் விரல் வைத்தால் ஏற்காது. போன் திரை வழுக்கும், ஸ்பேனர் நழுவும். "என்னப்பா, இவ்ளோ டென்ஷனா?" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். பயந்த சுபாவம்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். இது 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' எனப்படும் மிகை வியர்வைப் பிரச்சினை. அமெரிக்காவில் 2.8 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 2004-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

ஏன் வருகிறது?

வியர்வைச் சுரப்பிகளில் கோளாறு இருக்காது. அவற்றை இயக்கும் நரம்புகள்தான் தேவைக்கு மேல் உத்தரவு போடுகின்றன. பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும், தூங்கும்போது நின்றுவிடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கவும் வாய்ப்புண்டு.

மாறாக, வளர்ந்த பிறகு திடீரெனத் தொடங்கினாலோ, உடல் முழுக்க வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, காசநோய், சர்க்கரை அளவு இறங்குவது, சில மாத்திரைகள் எனக் காரணம் வேறாக இருக்கலாம்.

என்னென்ன சிகிச்சைகள்?

முதல் படி, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்து. இரவில் கை, காலை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு தடவி, காலையில் கழுவ வேண்டும். ஈரத்தோலில் தடவினால் எரியும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அடுத்தது அயன்டோஃபோரெசிஸ். தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் கை, காலை வைத்து மிகக் குறைந்த மின்சாரம் செலுத்துவார்கள். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம். முதலில் வாரம் மூன்று முறை, பிறகு இடைவெளி விடலாம். கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கூடாது. வீடியோ பார்த்து பேட்டரி, வயர் வைத்து வீட்டிலேயே செய்து பார்ப்பது விபரீதம்.

போடாக்ஸ் ஊசியின் பலன் சில மாதங்கள் நீடிக்கும். உள்ளங்கையில் வலி அதிகம், விரல் பிடிமானம் தற்காலிகமாகத் தளரலாம். கையால் நுணுக்க வேலை செய்பவர்கள் இதை முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாத்திரைகள் உடல் முழுக்க வியர்வையைக் குறைக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை வரலாம். உலைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: வியர்வை நின்றால் உடல் சூடு தணியாது, வெப்பவாதம் தாக்கலாம். எனவே, எந்த இடத்தில் வேலை என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

கடைசி வாய்ப்பு அறுவை சிகிச்சை. மார்புக்குள் நுண்துளை வழியாக நரம்பைத் துண்டிப்பார்கள். கை உலர்ந்துவிடும். ஆனால், முதுகு, வயிறு, தொடையில் புதிதாக வியர்க்கத் தொடங்கலாம். சிலருக்கு அது பழைய தொல்லையைவிட மோசம். செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

வேலையிடத்தில் என்ன செய்யலாம்?

ஈரத்தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால் எலக்ட்ரிக்கல் வேலையில் கூடுதல் கவனம் தேவை. கை வழுக்குகிறதே என்று டிரில்லிங் மெஷின், லேத் போன்ற சுழலும் எந்திரங்களில் கிளவுஸ் போடக் கூடாது, இழுத்துவிடும். சூப்பர்வைசரிடம் சொல்லி வேறு வேலை கேட்பதில் தப்பில்லை.

சேஃப்டி ஷூ போடுபவர்கள் இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் வைத்துக்கொண்டு, பாதி ஷிஃப்ட்டில் மாற்றலாம். முடிந்தால் இரண்டு ஷூக்களை நாள்விட்டு நாள் போடலாம். ஈரத்திலேயே இருக்கும் காலில் சேற்றுப்புண், துர்நாற்றம் சீக்கிரம் வரும்.

இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் தங்கள் டிஸ்பென்சரியில் சொல்லி தோல் மருத்துவரிடம் போகலாம். மற்றவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவு இருக்கிறது. 'வேர்க்குது, அவ்ளோதானே' என்று வருஷக்கணக்கில் கர்ச்சீப்போடு சமாளிப்பதைவிட, ஒரு நாள் ஓபி சீட்டு வாங்குவது மேல்.