பகலில் தூங்கிய விருந்தாளிகள்

1850-ஆம் ஆண்டு. லண்டன் நகரின் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலைக்கு எகிப்திலிருந்து ஒரு நீர்யானைக் குட்டி வந்து சேர்ந்தது. ஓபேஷ் என்பது அதன் பெயர். உயிருள்ள நீர்யானையை அதுவரை கண்டிராத லண்டன் மக்கள் திரள்திரளாக வந்தார்கள். அவ்வாண்டில் பார்வையாளர் தொகை முந்திய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

அதே ஆண்டில், அதே காட்சிசாலைக்கு வேறு இரு விருந்தாளிகளும் வந்தன. உலகின் மறுகோடியிலுள்ள டாஸ்மேனியா தீவிலிருந்து பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும். தோற்றத்தில் நாய். முதுகின் பின்பாதியில் புலியைப்போல் கறுப்பு வரிகள். வயிற்றில் கங்காருவைப்போல் ஒரு பை! தைலசின் என்று விலங்கியலாரும், டாஸ்மேனியப் புலி என்று பொதுமக்களும் அழைத்த விலங்கு இது. டாஸ்மேனியாவில் வாழ்ந்த ரொனால்டு கன் என்ற தாவரவியல் அறிஞர் இவற்றை அனுப்பி வைத்தார். ஐரோப்பா கண்ட முதல் தைலசின்கள் இவையே.

நீர்யானைக்குக் கிடைத்த வரவேற்பு இவற்றுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. தைலசின் பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. காட்சிசாலையோ பகலில் திறந்து மாலையில் மூடப்படுவது. நுழைவுக் கட்டணம் கொடுத்து உள்ளே வருகிறவர், மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு பழுப்பு நிற உருவத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்? அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்.

இரவு விலங்குகளின் கூடத்தில் பகலில் நிலவொளி போன்ற மங்கிய விளக்கும், இரவில் பிரகாசமான விளக்கும் எரியவிட்டு, அவற்றின் பகலையும் இரவையும் மாற்றிவிடும் ஏற்பாடு லண்டனில் 1967-இல்தான் வந்தது. தைலசினைப் பொறுத்தவரை அது மிகவும் தாமதமாக வந்த விளக்கு.

ஒரு முட்டையின் எடை

ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து, நியூகினி, அவற்றை அடுத்த தீவுகள் ஆகியவற்றைச் சேர்த்து ஆஸ்திரலேசியா என்று வழங்குகிறோம். அப்பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்த இரவு விருந்தாளிகளில் இன்னொன்று கிவிப் பறவை. இதன் கதை தைலசினின் கதையைப்போல் முடியவில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இறக்கைகள் இருந்தும் வெளியே தெரியாத, வாலில்லாத, மூக்குத் துளைகள் அலகின் நுனியில் அமைந்த ஒரு பறவையின் தோல் 1812-இல் இங்கிலாந்துக்கு வந்தது. மறு ஆண்டு ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலார் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இப்படி ஒரு பறவை உண்மையில் இருக்க முடியுமா என்று ஐயுற்றவர்களும் உண்டு. 1851-இல் உயிருள்ள கிவி ஒன்று லண்டன் காட்சிசாலைக்கே வந்தபோது அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

வந்தது பெண் பறவை. துணை எதுவும் கிடையாது. எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1859-இல் அது திடீரென்று ஒரு முட்டை இட்டது. துணையின்றி இட்ட அம்முட்டை குஞ்சாக வழியில்லை. ஆனால் அதன் அளவைக் கண்ட காப்பாளர்கள் வியந்து போனார்கள். அப்போது காட்சிசாலையின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆபிரகாம் டீ பார்ட்லெட். அவர் வியப்போடு நிற்கவில்லை. தராசை எடுத்தார். முட்டைகளையும் நிறுத்தார், பறவையையும் நிறுத்தார். பறவையின் எடை 4 பவுண்டுக்குச் சற்று அதிகம். முட்டையின் எடை சுமார் 14½ அவுன்ஸ்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். எனவே 4 பவுண்டு என்பது 64 அவுன்ஸ். தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முட்டை! நம் வீட்டுக் கோழி 2 கிலோ எடை இருந்தால் முட்டை 55 கிராம் இருக்கும். அதாவது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. கிவியின் விகிதத்தில் அக்கோழி முட்டையிடுவதாக வைத்துக்கொண்டால், எட்டு முட்டைகளின் எடை ஒரே முட்டையில் இருக்க வேண்டும். மேலும், கோழி முட்டையைவிடக் கிவி முட்டையில் மஞ்சள் கருவின் பங்கு மிக அதிகம். அதனால்தான் கிவிக் குஞ்சு இறகுகளோடு முழு உருவம் பெற்று வெளிவருகிறது. தாயோ தந்தையோ இரை ஊட்டவேண்டிய தேவை இல்லை. முதல் சில நாட்களுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே அதற்கு உணவு.

1865-இல் ஓர் ஆண் கிவி லண்டனுக்கு வந்தது. 1867-இல் பெண் முட்டையிட்டது. அம்முட்டைகளின் மேல் அமர்ந்தது தாயல்ல, ஆண் பறவை! வாரக்கணக்கில் அது எழுந்திருக்காமல் அடைகாத்தது. குஞ்சு பொரிக்கவில்லை. ஆனால் கிவி இனத்தில் அடைகாப்பது தந்தையின் வேலை என்பதை நியூசிலாந்துக் காட்டுக்குப் போகாமலே ஐரோப்பிய அறிஞர்கள் தெரிந்துகொண்டார்கள். பழுப்புக் கிவிகளில் இந்த வேலை எழுபது முதல் தொண்ணூறு நாட்கள் வரை நீடிக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, சிறிது பொறுமை. பார்ட்லெட்டிடம் இருந்தவை இவைதாம். இதே மனிதர் 1897 வரை அக்காட்சிசாலையின் கண்காணிப்பாளராக இருந்தார். தைலசின்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன.

அறுத்துப் பார்த்தார்கள்

தைலசினை அறிஞர்கள் ஆராயவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நன்றாகவே ஆராய்ந்தார்கள், அது இறந்த பிறகு. காட்சிசாலையை நடத்திய லண்டன் விலங்கியல் சங்கம், இறந்துபோகும் விலங்குகளை அறுத்து ஆராய்வதற்கென்றே ஓர் அறிஞரை நியமித்திருந்தது. கோவாலாவின் கதையும் இப்படிப்பட்டதே. யூகலிப்டஸ் இலையைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடாத கோவாலா ஒன்றைச் சங்கம் விலைக்கு வாங்கியது. கைகழுவும் மேசையின் கனத்த மூடி அதன்மேல் விழ, விடுவித்துக்கொள்ள முடியாமல் அது இறந்தது. வில்லியம் அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ் என்பவர் உடனே அதை அறுத்து, அதன் மூளை, கல்லீரல், இனப்பெருக்க உறுப்புகள் பற்றி 1881-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் விலங்கியல் என்றால் பெரும்பாலும் பெயரிடுவதும் வகைப்படுத்துவதும் உடற்கூறு எழுதுவதும்தான். உயிரோடிருக்கும் விலங்கு எப்படி நடந்துகொள்கிறது என்று நாள்தோறும் பார்த்து எழுதுவது ஒரு தனி அறிவியலாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். அந்த அறிவியலுக்காக கார்ல் வான் ஃபிரிஷ், கான்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகிய மூவருக்கும் 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடற்கூறு ஆராய்ச்சியால் தெரியவந்தவை அற்பமானவை அல்ல. தைலசினின் மண்டையோட்டையும் ஓநாயின் மண்டையோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் சற்றுத் தடுமாறும். நீண்ட முகம், கூரிய கோரைப் பற்கள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் தோன்றும். திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தைலசினின் மேலண்ண எலும்பில் நீள்வட்டமான இரண்டு பெரிய துளைகள் இருக்கும், ஓநாய்க்கு இல்லை. இவ்விரண்டு விலங்குகளின் பொது மூதாதை வாழ்ந்தது சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அவ்வளவு தூரத்து உறவினர்கள் ஒரே முகச்சாயலைப் பெற்றது, ஊன் உண்ணும் வாழ்க்கை இருவரையும் ஒரே வகையில் செதுக்கியதால். இதைக் குவி பரிணாமம் என்கிறார்கள். சுறாமீனும் டால்பினும் ஒரே உடல்வடிவம் கொண்டிருப்பதும் இப்படித்தான்.

தைலசினுக்கு நெருங்கிய உறவினர்கள் டாஸ்மேனியப் பேய், நம்பட் போன்ற பைப் பாலூட்டிகள். பெண்ணின் வயிற்றுப் பை பின்பக்கமாகத் திறந்திருக்கும். அதனுள் நான்கு முலைக்காம்புகள். ஆணுக்கும் ஒரு சிறு பை உண்டு.

ஒரு பவுண்டும் நூற்றைம்பது பவுண்டும்

லண்டனில் இவ்விலங்கு தூங்கிக்கொண்டிருந்தபோது டாஸ்மேனியாவில் என்ன நடந்தது?

அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஆட்டு மந்தைகளை வளர்த்தார்கள். ஆடுகள் சாகும்போதெல்லாம் பழி தைலசின்மேல் விழுந்தது. ஊர் நாய்களும் திருடர்களும் கொண்டுபோன ஆடுகள் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்க இடமுண்டு. ஏனெனில், தைலசினின் மண்டையோட்டைக் கணினியில் வைத்து 2011-இல் ஆராய்ந்தவர்கள், அதன் தாடை பெரிய இரையோடு மல்லுக்கட்டும் வலிமை கொண்டதல்ல என்று கண்டார்கள். அது வேட்டையாடியவை சிறு விலங்குகளாகவே இருக்க வேண்டும். அக்காலத்தில் இதை எண்ணிப் பார்த்தவர் யார்? ஒரு கம்பெனி 1830-லேயே தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கத் தொடங்கியது. 1888 முதல் 1909 வரை அரசாங்கமே கொடுத்தது. வளர்ந்த விலங்குக்கு ஒரு பவுண்டு, குட்டிக்கு பத்து ஷில்லிங். மொத்தம் 2,184 தைலசின்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகியிருப்பதை அரசாங்கக் கணக்கே சொல்கிறது. வேட்டை மட்டும் காரணமல்ல. காடுகள் சுருங்கின, நாய்கள் பெருகின, நோயும் பரவியதாகத் தெரிகிறது.

இவ்விலங்கின் முடிவு யாருக்கும் தோன்றாத ஒன்றும் அல்ல. டாஸ்மேனியாவுக்கு நேரில் சென்று வந்த இயற்கையியலார் ஜான் கூல்டு, தீவில் மக்கள்தொகை பெருகிச் சாலைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் காலத்தில் தைலசின் அழிந்துபோகும் என்று 1863-லேயே எழுதிவிட்டார். அப்போது லண்டன் கூண்டில் தைலசின் ஏறி பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கூல்டின் சொல்லை நம்பி எவராவது அன்று குறிப்பேட்டைத் திறந்திருந்தால், முன்னே கிடந்த காலம் இன்னும் அறுபத்தெட்டு ஆண்டுகள்!

அவ்வளவு காலமும் லண்டன் காட்சிசாலை புதிய தைலசின்களை வாங்கிக்கொண்டே இருந்தது. பெர்லின், பாரிஸ், கொலோன், ஆண்ட்வெர்ப் நகரங்களிலும் தைலசின் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஐரோப்பாவில் ஓரிடத்திலும் அது குட்டி ஈனவில்லை. உலகிலேயே கூண்டில் அது இனப்பெருக்கம் செய்ததாக உள்ள பதிவு ஒன்றே ஒன்று. மெல்போர்ன் காட்சிசாலையில், 1899-இல். 1926-இல் லண்டன் கடைசியாக ஒரு தைலசினை வாங்கியது. விலை 150 பவுண்டு. கொன்று கொண்டுவந்தால் ஒரு பவுண்டு என்று அரசாங்கம் எண்ணிக் கொடுத்த அதே விலங்கு! 1931 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது இறந்தது. ஐரோப்பாவில் 81 ஆண்டுகள் நீடித்த தைலசின் காட்சி அத்துடன் முடிந்தது.

பிறகு மிஞ்சியது டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டிலிருந்த சிறிய காட்சிசாலை. 1933 டிசம்பரில் டேவிட் ஃபிளே என்ற விலங்கியலார் அங்கே கூண்டுக்குள் நுழைந்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு தைலசினைப் படம் பிடித்தார். அது பின்னால் வந்து அவருடைய பிட்டத்தில் கடித்துவிட்டது. வாயை நம்ப முடியாத அளவுக்கு அகலத் திறந்து அது கொட்டாவி விடுவதை அப்படத்தில் காணலாம். உலகில் எஞ்சியிருக்கும் தைலசின் படச்சுருள்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினாலும் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒன்றிலும் ஒலி இல்லை.

1936 ஜூலை 10 அன்று தைலசினுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. ஐம்பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் கூண்டில் உலகறிந்த கடைசித் தைலசின் இறந்தது. அதன் எலும்புக்கூடும் தோலும் எங்கே போயின என்று பல்லாண்டுகள் தேடினார்கள். 2022-இல் விடை கிடைத்தது. இரண்டும் ஹோபார்ட் அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியிலேயே இருந்தன. அது வயதான பெண் விலங்கு. இன்னதென்று தெரியாமலே அதன் தோலை ஆஸ்திரேலியா முழுவதும் மாணவர்களுக்குக் காட்டும் பாடப்பொருளாக எடுத்துச் சென்றிருக்கிறார்கள்!

லண்டன் தைலசின்களிலும் ஒன்று பிற்காலத்தில் பேசியது. 1893-இல் அங்கே இறந்த ஒரு பெண் தைலசினின் உடல் சாராயத்தில் ஊறவைக்கப்பட்டு, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தது. 116 ஆண்டுகள் கழித்து, 2009-இல், அதன் உடலிலிருந்தும் அமெரிக்காவில் 1905-இல் இறந்த இன்னொன்றின் உடலிலிருந்தும் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. எழுத்து வரிசை முழுவதையும் ஆராய்ச்சியாளர்கள் படித்தார்கள். ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகக் குறைவு. வேட்டை உச்சத்தில் இருந்த அந்நாளிலேயே தைலசின் இனத்தில் மரபு வேறுபாடு குன்றியிருந்தது என்பது இதனால் புலனாயிற்று. 2017-இல், ஆஸ்திரேலியாவில் பாதுகாக்கப்பட்ட ஒரு பைக்குட்டியிலிருந்து உட்கரு டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டது. ஆயினும் தைலசின் இரையைத் துரத்திப் பிடித்ததா, பதுங்கிப் பாய்ந்ததா என்று இன்றும் எலும்புகளை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதன் சினைக்காலம் எத்தனை நாட்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.