மாறும் பணிநேர அட்டவணை

மாறும் பணிநேர அட்டவணை என்பது ஓர் ஊழியரின் வேலை நாட்களும் வேலை நேரமும் வாரத்துக்கு வாரமோ நாளுக்கு நாளோ வேறுபடும் வகையில் அமைக்கப்படும் பணித்திட்டம் ஆகும். ஆலைகள், மருத்துவமனைகள், தொடர்வண்டி நிலையங்கள், அழைப்பு மையங்கள், பெருங்கடைகள் ஆகியவற்றில் இது வழக்கில் உள்ளது. மனிதவள மென்பொருளில் இவ்வட்டவணை வெறும் நாட்காட்டி அன்று. வருகைப் பதிவு, விடுப்புக் கணக்கு, மிகைநேர ஊதியம், இரவுப் படி ஆகியன இதனை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்படுகின்றன. ஆகவே அட்டவணையில் நேரும் சிறு பிழையும் மாத இறுதியில் ஊழியரின் சம்பளத்தில் வந்து நிற்கும்.

அடுக்குகள்

பெரும்பாலான மென்பொருள்கள் அட்டவணையை அடுக்குகளாகப் பிரித்து வைக்கின்றன. எஸ்ஏபி நிறுவனத்தின் மனிதவள மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் முதல் அடுக்கு நாள் அட்டவணை. ஒரு நாளின் தொடக்க நேரம், முடிவு நேரம், இடைவேளை ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, நாள் அட்டவணைகளை வரிசையாகக் கோத்து உருவாக்கும் சுழற்சி அட்டவணை. மூன்றாவது, அச்சுழற்சியை ஒரு தொடக்கத் தேதியுடனும் விடுமுறை நாட்காட்டியுடனும் பிணைக்கும் பணிநேர விதி. இவ்விதியே ஊழியரின் பதிவில், 0007 என்ற எண்ணுடைய தகவல் வகையில் குறிக்கப்படுகிறது. ஒருவர் மற்றொருவருக்காக ஒரு நாள் மட்டும் பணிமுறை மாற்றிக்கொண்டால் அது 2003 என்ற தனி வகையில் பதியப்படும். மூல விதி கைபடாமல் இருக்கும். ஒருநாள் மாற்றத்துக்காக மூல விதியையே திருத்துவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் தவறாகும்.

சுழற்சிக் கணக்கு

காலை 2 நாள், மாலை 2 நாள், இரவு 2 நாள், ஓய்வு 2 நாள் என்ற 8 நாள் சுழற்சியைக் கருதுவோம். நான்கு குழுக்கள் இரண்டிரண்டு நாள் இடைவெளியில் இதனைத் தொடங்கினால் நாளின் 24 மணி நேரமும் ஆள் இருக்கும். ஒரு தேதியில் ஒருவருக்கு எந்தப் பணிமுறை என்பதை அறிய, தொடக்கத் தேதியிலிருந்து கடந்த நாட்களை 8ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். முதற்குழு 2024 சனவரி 1 அன்று தொடங்கியதாகக் கொண்டால், சனவரி 31 வரை கடந்தவை 30 நாட்கள், மீதி 6. மீதி 0 என்பது முதல் நாள் ஆதலால், அன்று சுழற்சியின் 7ஆம் நாள், அதாவது ஓய்வு. இரு நாள் பிந்தித் தொடங்கிய இரண்டாம் குழுவுக்கு மீதி 4. அன்று இரவுப் பணி.

இச்சுழற்சி ஏழு நாள் வாரத்துடன் ஒத்துப்போவதில்லை. 56 நாட்களுக்கு ஒருமுறையே அதே கிழமையில் அதே பணிமுறை திரும்பும். எனவே சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்த ஓய்வு எட்டு வாரங்களுக்கு ஒருமுறைதான் கிட்டும். 8 நாட்களில் 48 மணி நேரம் வேலை என்பதால் வாரச் சராசரி 42 மணி. இவ்வகை ஊழியருக்கு ஞாயிற்றுக்கிழமையை வார ஓய்வு என நிரலிலேயே எழுதிவைத்த மென்பொருள் விடுப்பைத் தவறாகவே கழிக்கும்.

நள்ளிரவைத் தாண்டும் பணிமுறை

இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும் பணிமுறையே மிகுதியான சிக்கலைத் தருவது. தேதியைக் கொண்டு மட்டும் பதிவுகளைப் பிரிக்கும் மென்பொருளுக்கு, முதல் நாளில் வெளியேறிய பதிவும் மறுநாளில் நுழைந்த பதிவும் இல்லாதது போலத் தோன்றும். முழு இரவும் உழைத்தவர் இரு நாட்களும் வரவில்லை எனக் குறிக்கப்படுவார்.

இதற்குச் சட்டத்திலேயே தெளிவான விடை இருந்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு, நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணிகளை முந்தைய நாளின் கணக்கில் சேர்க்க வேண்டும் எனவும், அத்தொழிலாளிக்கு மறுநாள் என்பது பணிமுறை முடியும் நேரத்தில் தொடங்குகிறது எனவும் வகுத்தது. மென்பொருளிலும் இதையே செய்ய வேண்டும்: பணிமுறை தொடங்கிய தேதியே அதன் தேதி. தொடக்கத்துக்குச் சில மணி முன்பும் முடிவுக்குச் சில மணி பின்பும் உள்ள பதிவுகளை அதனுடன் சேர்க்க ஓர் எல்லை வரையறுக்கப்படும். எல்லை குறுகினால் மிகைநேரம் விடுபடும். அகன்றால் அடுத்த பணிமுறையின் பதிவை விழுங்கிவிடும்.

கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் கடிகாரம் முன்தள்ளப்படும் இரவில் 8 மணி நேரப் பணி 7 மணியாகவும், பின்தள்ளப்படும் இரவில் 9 மணியாகவும் ஆகும். இந்தியாவில் இம்மாற்றம் இல்லை எனினும், நியூயார்க் நேரத்துக்குப் பணிபுரியும் சென்னை அலுவலகத்தின் அட்டவணை ஆண்டில் இருமுறை நகர்கிறது. நியூயார்க்கின் காலை 9 மணி, கோடையில் இங்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நேரத்தை எண்ணாக மட்டும் சேமிக்காமல் நேர வலயத்துடன் சேமிப்பதே இதற்கு வழி.

குழு மாற்றம்

ஊழியர் குழு மாறும்போது பழைய பதிவின்மேல் எழுதலாகாது. 16ஆம் தேதி முதல் மாற்றம் எனில் பழைய பதிவை 15ஆம் தேதியுடன் முடித்துப் புதியதைத் தொடங்க வேண்டும். இல்லாவிடில், கணக்கு முடிந்த நாட்களின் வருகையும் புதிய அட்டவணைப்படி மறுகணிப்புக்கு உள்ளாகும். மேலும், மாற்றத்தின் எல்லையில் ஒருவர் காலை 6 மணிக்கு இரவுப் பணியை முடித்து, அதே 6 மணிக்குக் காலைப் பணியைத் தொடங்கும்படி நேரலாம். இரு அட்டவணைகளும் தனித்தனியே சரியாகவே இருப்பதால் இதனைக் கண்டறியத் தனிச் சோதனை தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது.

முன்னறிவிப்பு

விற்பனை முன்கணிப்பைக் கொண்டு ஆட்களை ஒதுக்கும் மென்பொருள்கள் பெருகியபோது, அட்டவணை ஊழியர் கைக்கு வரும் காலம் சுருங்கியது. குழந்தைக்குக் காப்பகம் ஏற்பாடு செய்வதும் மாலை வகுப்பில் சேர்வதும் இதனால் கடினமாயின. 2014 ஆகத்து மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் இதழ், ஸ்டார்பக்ஸ் ஊழியர் ஒருவரின் நிலையை விரிவாக வெளியிட்டது. இரவில் கடையை மூடியவரையே மறுநாள் காலையில் திறக்கச் செய்யும் வழக்கத்தைக் கைவிடுவதாக அந்நிறுவனம் உடனே அறிவித்தது. சியாட்டில் நகரில் 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பெரிய சில்லறை, உணவு நிறுவனங்கள் 14 நாட்களுக்கு முன்பே அட்டவணையை வெளியிட வேண்டும் என்றது. இரு பணிமுறைகளுக்கிடையே 10 மணி நேர இடைவெளி குறைந்தால் ஒன்றரை மடங்கு ஊதியமும் விதித்தது. இவ்விதிகளுக்கு உட்பட்ட மென்பொருளில் அட்டவணை எது என்பதுடன், அது எப்போது வெளியிடப்பட்டது, பின்னர் யார் மாற்றினார், ஊழியர் ஒப்புதல் உண்டா என்பனவும் பதிவாக வேண்டியுள்ளது.