காற்றில் பறக்கும் பஞ்சும் ஒவ்வாமை நோயும்

ராமச்சந்திராபுரம் உள்ளிட்ட ஹைதராபாத் வட்டாரத்தில், தக்காணத்தின் பிற பகுதிகளிற்போலவே, முள்ளிலவு மரம் இலைகளை உதிர்த்துச் செந்நிற மலர்களைத் தாங்கி நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் அதன் காய்கள் முற்றி வெடிக்க, பஞ்சு எங்கும் பறக்கிறது. அச்சமயம் தும்மலும் கண்ணரிப்பும் தோன்றினால், கண்ணுக்குப் புலப்படும் பஞ்சின் மீதே பழி சுமத்துதல் இயல்பு. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும்?

பஞ்சு வேறு, மகரந்தம் வேறு. பருத்திப் பஞ்சு விதைத்தோலில் முளைப்பது. இலவம் பஞ்சோ காயின் உட்சுவரிலிருந்து வளர்வது. அது விதையைப் பரப்பும் சாதனமே. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூளிலேயே உள்ளன. இலவ மலரின் மகரந்தத்தைப் பறவைகளும் வௌவால்களும் கொண்டு செல்வதால், அது காற்றில் மிகுதியாகப் பரவுவதில்லை. மாறாக, ஆயா மரம், புல்லினங்கள் முதலியவை தம் மகரந்தத்தைக் காற்றிலேயே விடுகின்றன. பஞ்சு மூக்கையும் கண்ணையும் உறுத்தலாம்; தூசியையும் மகரந்தத்தையும் சுமந்து வரலாம். எனினும், நோயின் மூலம் பெரும்பாலும் வேறிடத்திலேயே உள்ளது.

இவ்வேறுபாட்டை உணராவிடில் விளையும் இழப்புக்கு ஸ்ரீநகர் சான்றாகும். 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ்க் காஷ்மீரில் நடப்பட்ட பாப்ளார் மரம், வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டிருப்பினும், "ரஷ்யப் பாப்ளார்" என்றே வழங்கலாயிற்று. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தம் விடுவது ஆண் மரம். சில வாரங்களுக்குப் பின், மே மாதத்தையொட்டிப் பஞ்சு விடுவது பெண் மரம். பஞ்சினால் நோய் பரவுகிறதென்ற அச்சத்தால், 2015-இல் உயர் நீதிமன்ற ஆணையின்படியும், கொரோனா பரவிய 2020-இலும் பெண் மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. பெண் மரத்தை நீக்கி ஆண் மரத்தை நட்டால் பஞ்சு குறையும், மகரந்தமோ பெருகும்.

ஆகவே, மரத்தை அழிப்பதைவிடப் பஞ்சு பறக்கும் சில வாரங்களைச் சமாளிப்பதே சிறந்தது. எட்டும் காய்களை வெடிக்கும் முன்னரே பறித்துத் தலையணைக்குப் பயன்படுத்தலாம். கூட்டுமுன் நீர் தெளித்தல் வேண்டும்; இலவம் பஞ்சு எளிதில் நனையாதாகையால், ஈரத் துணியால் ஒற்றி எடுத்தல் நன்று. பஞ்சுக் குவியலுக்குத் தீ வைத்தல் கூடாது. நெருப்பு நொடியில் பரவும். வெளியே செல்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளலாம். கண்ணைத் தேய்த்தலாகாது, தூய நீரால் கழுவுதல் வேண்டும். மூச்சிரைப்பு உடையவர் மருத்துவரை நாட வேண்டும்.

ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கலாம். எம்மரம் என்று பூத்தது, என்று பஞ்சு பறந்தது, தும்மல் என்று தொடங்கியது என்பவற்றை ஈராண்டு குறித்து வந்தால், தும்மல் பூக்கும் காலத்தையொட்டியதா, பஞ்சு பறக்கும் காலத்தையொட்டியதா என்பது அவ்வூருக்கே விளங்கும். கோடரியை எடுக்குமுன் பார்க்க வேண்டியது அக்குறிப்பையே.